ரோஜாக் குன்றின் தர்கா

ஹங்கேரி நாட்டின் தலைநகரமாகிய புடாபெஸ்டைப் பார்க்கச் செல்வோர் அங்கே இரண்டு ஊர்களைக் காண்பர். டான்யூபு ஆற்றின் கீழ்க்கரையில் சமவெளியாகப் பரந்து கிடப்பது பெஸ்டு. மேற்கரையில் குன்றும் சரிவுமாக எழுந்து நிற்பது பூடா. இவ்விரண்டையும், பழைய பூடா என்னும் சிற்றூரையும் சேர்த்து ஒரே நகரமாக்கியது 1873-ஆம் ஆண்டில்தான். பூடாவின் குன்றுகளுள் கோட்டைக் குன்று பெரும்பெயர் பெற்றது. அரண்மனையும் பழங்கோயிலும் அங்கே உள்ளன. அதற்கு வடக்கே, சற்றுத் தள்ளி, ரோஜாக் குன்று என்று ஒன்று இருக்கிறது. அதன் சரிவில் ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலம் ஏறத்தாழ நானூற்று எழுபது ஆண்டுகளாக நிற்கிறது. நாம் தர்கா என்று சொல்வதைத் துருக்கியர் துர்பே என்பர். அந்தத் துர்பேக்குச் சென்று வந்த கதையையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் முதன்முறை அங்குச் சென்றது 2017-ஆம் ஆண்டில். சென்றேன் என்று சொல்வதைவிடச் சென்று திரும்பினேன் என்பதே பொருந்தும். பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தமையால் வாயில் அடைபட்டுக் கிடந்தது. தடுப்பு வேலிக்கு அப்பால் சாரக் கட்டைகளும் மண்குவியலும் தெரிந்தன; தர்காவின் கவிந்த கூரையில் ஒரு பகுதி தெரிந்தது. அத்துடன் மனநிறைவு கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அன்று ஏறி இறங்கிய தெருக்களின் பெயர்கள் என்னை விடவில்லை. ஒன்று துருக்கித் தெரு. ஒன்று பள்ளிவாசல் தெரு. தர்காவுக்கு முன்னால் உள்ள சதுக்கத்திற்குத் துர்பே சதுக்கம் என்றே பெயர். குன்றின்மேல் ஏறும் கருங்கல் பாவிய செங்குத்துத் தெருவிற்குக் குல் பாபா தெரு என்று பெயர். துருக்கியர் இந்நகரை நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் அடக்கி ஆண்டவர்கள். வென்று ஆண்ட அயலவரின் பெயரைத் தெருவுக்குத் தெரு வைத்துக்கொண்டு வாழும் மக்களிடம் ஏதோ ஒரு செய்தி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் தொடங்கிய விதத்தை முதலில் சொல்ல வேண்டும்.

1526-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் மொஹாச் என்னும் இடத்தில் உதுமானியச் சுல்தான் சுலைமான் ஹங்கேரியரின் படையை முறியடித்தார். ஹங்கேரி மன்னன் லாயோஷ், இருபது வயது இளைஞன், தோற்று ஓடுகையில் ஓடை ஒன்றில் வீழ்ந்து மாண்டான். அரியணைக்கு இருவர் போட்டியிட்டனர், நாடு பிளவுண்டது. சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1541-ஆம் ஆண்டு அதே ஆகஸ்டு 29-ஆம் நாள், பூடாக் கோட்டை சுலைமான் கைக்கு வந்தது. அது வந்த விதம் விந்தையானது. போட்டியிட்ட இருவருள் ஒருவனாகிய சாபொயாய் முந்திய ஆண்டே இறந்துவிட்டான். அவனுடைய மகன் ஓராண்டு நிரம்பிய பச்சைக் குழந்தை. அக்குழந்தையைக் காண விரும்புவதாகச் சுல்தான் சொல்லியனுப்பினார். பிரபுக்கள் சூழக் குழந்தை சுல்தானின் பாசறைக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே விருந்து நடந்துகொண்டிருந்த வேளையில், ஜானிசாரி எனப்படும் சுல்தானின் தேர்ந்த படைவீரர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் போலச் சிறு சிறு கூட்டமாகக் கோட்டைக்குள் நுழைந்தனர். மாலைக்குள் வாயில்களெல்லாம் அவர்கள் கையில். போரின்றியே கோட்டை போயிற்று. குழந்தையையும் தாயையும் கிழக்கே திரான்சில்வேனியாவுக்கு அனுப்பிவிட்டனர். பாலின்ட் தோரோக் என்னும் பெருந்தலைவரைச் சிறைப்படுத்திக் கான்ஸ்டாண்டிநோபிளுக்குக் கொண்டு சென்றனர், அவர் திரும்பவேயில்லை.

இன்றும் ஹங்கேரியர், ‘கறுப்பு ரசம் இனிமேல்தான் வரும்’ என்று ஒரு பழமொழி சொல்வதுண்டு. தொல்லை முடிந்துவிடவில்லை, பெருந்தொல்லை இனித்தான் என்பது பொருள். அந்த விருந்தின் முடிவில் காப்பி கொடுத்த பிறகே கைது செய்தார்கள் என்றும், கறுப்பு ரசம் என்பது காப்பிதான் என்றும் கதை வழங்குகிறது. அக்காலத்தில் அந்தப் பாசறைக்குக் காப்பி எட்டியிருக்குமா என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஐயம் இருக்கட்டும், ஒரு மக்களினம் தன் வஞ்சப்பட்ட நாளை உணவுப் பண்டத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது என்பது மட்டும் தெளிவு.

அந்தப் படையோடு வந்தவர்தாம் குல் பாபா. குல் என்பது துருக்கி மொழியில் ரோஜா. பாபா என்பது தந்தை. பெக்தாஷி என்னும் துறவியர் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அனதோலியாவில் வாழ்ந்த ஹாஜி பெக்தாஷ் என்ற ஞானியின் பெயரால் வழங்குவது அக்கூட்டம். ஜானிசாரி வீரர்கள் அவரையே தங்கள் காவலராகப் போற்றினர். ஆகையால் படை செல்லுமிடமெல்லாம் பெக்தாஷித் துறவிகளும் உடன் செல்வர். வீரருக்கு ஓதுவதும், தேற்றுவதும், இறந்தவரை அடக்குவதும் அவர்கள் பணி. குல் பாபா பல சுல்தான்களின் காலத்திலும் படையெடுப்புகளில் உடன் சென்றவர் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் பூடாவுக்கு வந்தபோது அவர் தொண்டு கிழவராகவே இருந்திருக்க வேண்டும்.

கோட்டை வசமாகி நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 2-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. கோட்டைக் குன்றிலிருந்த தேவமாதா கோயில் பள்ளிவாசலாக மாற்றப்பட்டு, சுல்தான் முன்னிலையில் முதல் ஜும்ஆத் தொழுகை நடந்தது. அந்தத் தொழுகையின்போதே குல் பாபா உயிர் நீத்தார் என்றும், சுல்தானே அவருடைய சந்தாக்கைத் தோள்கொடுத்துத் தூக்கினார் என்றும், அடக்கத்திற்கு இரண்டு இலட்சம் பேர் கூடினர் என்றும் சொல்வர்.

மாணவ நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். இவ்வளவையும் நமக்குச் சொல்பவர் எவ்லியா செலெபி என்ற துருக்கிப் பயணி. அவர் பிறந்ததே 1611-இல். பூடாவைக் கண்டது 1660-களில். நிகழ்ச்சி நடந்து நூற்றிருபது ஆண்டுக்குப் பின்னர், கேட்டதை எழுதினார். எண்ணிக்கையில் தாராளமானவர் என்று அவரை விரும்பிப் படிப்பவர்களே ஒப்புவார்கள். குல் பாபா தொழுகையில் இறக்கவில்லை, கோட்டைச் சுவரடியில் நடந்த சண்டையில் சில நாள் முன்னரே இறந்தார் என்று கூறுவாரும் உண்டு. பெயர் விஷயமும் அப்படித்தான். தலைப்பாகையில் எப்போதும் ரோஜா சூடியிருந்தமையால் ரோஜாத் தந்தை ஆனார் என்பது ஒரு கதை. ஹங்கேரிக்கு முதன்முதல் ரோஜாச் செடியைக் கொண்டுவந்தவரே அவர் என்பது இன்னொரு கதை. இதற்குச் சான்று இல்லை. உண்மைப் பெயர் கெல் பாபா, அதாவது வழுக்கைத் தலைப் பெரியவர் என்றும், அது திரிந்து ரோஜாவாயிற்று என்றும் மூன்றாவது கருத்து ஒன்று இருக்கிறது. எனக்கு இந்த வழுக்கைத் தலைப் பெரியவரைத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் குன்றும் தெருவும் ரோஜாவின் பக்கமே நிற்கின்றன.

அடக்கத்தலத்தைக் கட்டியது மூன்றாவது துருக்கி ஆளுநராகிய யஹ்யா பாஷா மகன் மெஹ்மத் பாஷா. 1543-க்கும் 1548-க்கும் இடையே கட்டி முடித்தார். பக்கத்திலேயே துறவிகள் தங்க மடம் ஒன்றும் அமைந்தது. மடம் இன்றில்லை. தர்கா இருக்கிறது.

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இரண்டாம் முறை சென்றேன். டான்யூபின் குறுக்கே மார்கிட் பாலம் என்று ஒரு பாலம் உண்டு. அதன் மேற்கு முனையில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிச் சிறிது நடந்தால் குல் பாபா தெரு தொடங்குகிறது. குறுகலான தெரு; கல் பாவியது; மழை பெய்தால் வழுக்கும் என்று பார்த்தவுடனே தெரியும். இருபுறமும் பழைய வீடுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பன போல நிற்கின்றன. பாதி வழியில் மூச்சு வாங்கியது. எனக்கு முன்னால் சென்ற மூதாட்டி ஒருவர் காய்கறிப் பையுடன் நிற்காமல் ஏறிச் சென்றதைக் கண்டு நானும் நாணி நடந்தேன்.

மேலே தோட்டம். படிப்படியாக அமைந்த மேடைகளில் ரோஜாச் செடிகள் பூத்திருந்தன, நடுவே நீரூற்று. குல் பாபாவின் சிலை ஒன்றும் உண்டு. ஒரு சூஃபிப் பெரியாருக்குச் சிலை வைத்ததைப் பார்த்தால் அவரே என்ன சொல்லியிருப்பாரோ என்று எண்ணிக்கொண்டேன். தோட்டத்தின் நடுவே, தூண் வரிசையோடு கூடிய கட்டடம் சூழ நிற்க, எட்டுப் பட்டையான சிறிய கல் மண்டபம் ஒன்று. அதன் மேல் ஈயத் தகடு வேய்ந்த அரைக்கோளக் கூரை. உச்சியில் பிறை. அவ்வளவுதான். அளவாலோ அலங்காரத்தாலோ அது யாரையும் வியக்க வைக்காது.

ஏன் எட்டுப் பட்டை என்று கேட்கலாம். சதுரமான சுவர்களின்மேல் வட்டமான கூரையை வைத்தால் நான்கு மூலைகளிலும் இடைவெளி விழும். அவ்விடைவெளியைத் தாங்க வளைவும் அடுக்கும் வேண்டும். சுவரையே எட்டாக மடக்கிவிட்டால் அது வட்டத்திற்கு அணுக்கமாகிவிடுகிறது. கூரை ஏறத்தாழத் தானாகவே அமர்ந்துகொள்ளும். சிறு கட்டடத்திற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஹங்கேரியின் தென்பகுதியில் பேச் என்னும் நகரிலுள்ள இத்ரீஸ் பாபாவின் அடக்கத்தலமும் இதே அமைப்புடையது.

உள்ளே சென்றேன். வெண்ணிறச் சுவர்கள், தரையில் விரிப்பு, நடுவில் துணி போர்த்திய நீண்ட பேழை. துருக்கிக் குடும்பம் ஒன்று நின்றிருந்தது. தந்தை கையேந்தி ஓதிக்கொண்டிருந்தார். சிறுமி மட்டும் பேழையைச் சுற்றி நடந்து விரலால் சுவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். வாயிலோரம் ஹங்கேரிய முதியவர் இருவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றனர். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

வெளியே வந்தபோது மேடையில் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேரை அமர்த்தி ஆசிரியை ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. பாடம் முடியக் காத்திருந்து, பல நாளாக என் மனத்திலிருந்த வினாவைக் கேட்டேன். “அம்மையீர், இவர் உங்கள் நாட்டை வஞ்சனையால் பிடித்த படையோடு வந்தவர். அப்படையின் பள்ளிவாசல்கள் பலவும் போய்விட்டன. இதை மட்டும் ஏன் வைத்திருக்கிறீர்கள்?”

அவர் சிரித்தார். “எங்கள் ராக்கோட்சி எங்கே இறந்தார் தெரியுமா?” என்று எதிர்வினா விடுத்தார்.

தெரியாது என்றேன். பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். துருக்கியரை விரட்டியவர்கள் ஹங்கேரியர் தனியாக அல்லர். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் பேரரசு திரட்டிய பெரும்படை அது. துருக்கியர் போயினர், ஹாப்ஸ்பர்க் ஆட்சி வந்தது. அதை எதிர்த்து 1703 முதல் 1711 வரை போராடிய தலைவர் இரண்டாம் பெரென்ட்ஸ் ராக்கோட்சி. போராட்டம் தோற்றது. அவர் நாடுவிட்டுச் சென்று, 1717-இல் சுல்தானின் நாட்டில் அடைக்கலம் புகுந்தார். மர்மராக் கடலோரத்தில் தெக்கிர்தா என்னும் ஊரில் 1735-இல் காலமானார். அவர் வாழ்ந்த இடம் அங்கே அருங்காட்சியகமாகப் போற்றப்படுகிறது. மீண்டும் 1849-இல் ஹங்கேரியரின் விடுதலைப் போர் நசுக்கப்பட்டபோது அதன் தலைவர் கொஷூத் ஓடிய இடமும் துருக்கி நாடே. ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் அவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு மிரட்டின, சுல்தான் இசையவில்லை. “பிடிக்க வந்தவர்களும் அவர்களே, பிற்பாடு புகலிடம் தந்தவர்களும் அவர்களே, இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது” என்றார் ஆசிரியை. இதற்குள் பையன் ஒருவன் நீரூற்றில் கை விட்டுவிட்டமையால் அவர் விரைந்து போக நேர்ந்தது.

அழகான விடைதான். ஆயினும் விடுதிக்குத் திரும்பி ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது அது முழு விடையாகத் தோன்றவில்லை. 1686-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் பூடா மீட்கப்பட்டது. குல் பாபா இறந்ததாகச் சொல்லப்படும் அதே தேதி! இடையில் நாட்காட்டியைத் திருத்தியதால் பத்து நாள் வேறுபாடு உண்டு. ஆனாலும் கதை சொல்வோருக்கு இது போதும். ஊரில் முஸ்லிம்கள் எஞ்சவில்லை. அப்பொழுது ராக்கோட்சி பத்து வயதுச் சிறுவன். அடைக்கலம் பற்றிய நன்றியுணர்வு பிறப்பதற்கே வழியில்லை. பின் யார் காத்தார்கள்? இயேசு சபையார் காத்தார்கள்! 1690 அளவில் அவர்கள் இக்கட்டடத்தைப் புனித சூசையப்பர் கோயிலாக மாற்றிக்கொண்டனர். திண்ணிய சுவரும் பழுதில்லாத கூரையும் உடைய கட்டடத்தை, நகரமே இடிந்து கிடந்த காலத்தில், யார் இடிப்பார்? பெருந்தன்மையால் அன்று, பயன் கருதியே அது தப்பியது என்பது என் கருத்து. கோயிலான தர்கா, பள்ளிவாசலான கோயில் என இரண்டும் ஒரே ஊரில் எதிரெதிர்க் குன்றுகளில் இருந்தன என்பதையும் கவனியுங்கள்.

1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். நிலம் கைமாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் உரிமையாளர் யானோஷ் வாக்னர் என்பவர். அவர் தர்காவைச் சுற்றித் தமக்கு மாளிகை கட்டிக்கொண்டார். நான் முன்னே சொன்ன தூண் வரிசைக் கட்டடம் அந்த மாளிகையின் நினைவாக நிற்பது. தம் முற்றத்து நடுவே அயல் சமயத்தார் ஒருவரின் கல்லறை இருப்பதை அவர் தொல்லையாகக் கருதவில்லை. துருக்கிப் பேரரசின் பல பகுதிகளிலிருந்தும் முஸ்லிம் யாத்திரிகர்கள் வருவர், கதவைத் தட்டுவர், அவர் உள்ளே விடுவார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவரே. சுல்தானும் பாஷாவும் கட்டுவிப்பது எளிது. நாள்தோறும் எழுந்துபோய்க் கதவு திறந்துவிடுவது எளிதன்று.

1885-இல் உதுமானிய அரசு ஹங்கேரியப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு தர்காவைச் செப்பனிடத் தொடங்கியது. 1914-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1916-இல் ஹங்கேரிய நாடாளுமன்றம் இஸ்லாத்தைச் சட்டப்படி ஏற்ற சமயங்களுள் ஒன்றாக்கியது. உலகப் போரில் துருக்கி தோழமை நாடாக இருந்த காலம் அது. அரசியல் கணக்கு அதில் இல்லை என்று சொல்வதற்கில்லை. இதற்கு மாறாக இன்னொன்றைப் பாருங்கள். பெக்தாஷிக் கூட்டத்தைச் சுல்தான் மஹ்மூது 1826-இல் ஜானிசாரிப் படையோடு சேர்த்துத் தடை செய்தார். பின்னர், 1925-இல் துருக்கிக் குடியரசு எல்லாத் துறவி மடங்களையும் துர்பேக்களையும் மூடிற்று. அடக்கத்தலங்களுட் சிலவற்றை மீண்டும் திறக்க 1950 ஆயிற்று. குல் பாபாவின் சொந்த நாட்டில் அவரைப் போன்றோரின் அடக்கத்தலங்கள் பூட்டப்பட்டிருந்த கால்நூற்றாண்டில், அவர் படையோடு வந்து பிடித்த நாட்டில் அவருடைய அடக்கத்தலம் நினைவுச் சின்னமாக நின்றது.

நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்த பழுதுபார்ப்பு இரு நாடுகளும் சேர்ந்து செய்தது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் துருக்கிக் குடியரசுத் தலைவரும் ஹங்கேரியத் தலைமையமைச்சரும் வந்து திறந்துவைத்தனர். மேடைகளும் படிகளும் வெள்ளை வெளேரென்று, கூர் மழுங்காமல் இருக்கின்றன. எனக்கு அவ்வளவு தூய்மை சற்றுக் கண்ணை உறுத்தியது. பாசி பிடிக்க முப்பது ஆண்டாவது ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

ஊரைவிட்டுப் புறப்படுமுன் கோட்டைக் குன்றிற்கும் போனேன். அங்கே சுவரோரத்தில் தலைப்பாகை வடிவம் செதுக்கிய நினைவுக் கல் ஒன்று உண்டு. பூடாவின் கடைசித் துருக்கி ஆளுநர் அப்துர் ரஹ்மான் பாஷாவுக்கு உரியது அது. எழுபது வயதில், 1686-ஆம் ஆண்டின் அந்தக் கடைசி நாளில், சரணடைய மறுத்து வாள்கையோடு வீழ்ந்தவர் அவர். அவரை வீரமுள்ள எதிரி என்று போற்றி, அமைதி வேண்டுகிறது அக்கல். துருக்கியிலும் ஹங்கேரிய மொழியிலும் எழுதியிருக்கிறது. அதை 1932-இல் நட்டவர்கள், அதே நாளில் எதிர்ப்பக்கத்தில் போரிட்டு மாண்ட ஹங்கேரிய வீரர் ஒருவரின் வழித்தோன்றல்கள். கல்லின் அடியில் யாரோ வைத்துப்போன ரோஜா ஒன்று வெயிலில் வாடிக் கிடந்தது. அங்கிருந்து வடக்கே பார்த்தேன். மரங்கள் அடர்ந்திருந்தமையால் தர்கா தெரியவில்லை. குன்று மட்டும் தெரிந்தது.